சி.வி. ஜொயின்ட் தேய்ந்தால்: கழுவிப் பூட் மாற்றுவதா, ஷாஃப்டையே மாற்றுவதா?

காரின் முன் சில்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை தெரியும். கராஜில் அதற்குப் பெயர் பூட். அதற்குள் இருப்பதுதான் சி.வி. ஜொயின்ட்: சில்லு எப்பக்கம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. அது கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் சில்லின் உட்பக்கத்தில் வட்டமாகத் தெறித்திருந்தால் உடனே இரண்டு யோசனை வரும். ஒருவர் "அக்சில் போயிற்று, மாத்தத்தான் வேணும்" என்பார். இன்னொருவர் "புதுப் பூட்டைப் போட்டுக் கிரீஸை நிரப்பினா இன்னும் அஞ்சு வருசம் ஓடும்" என்பார். கழற்றிக் கழுவி, ஜொயின்டுக்குள் இரும்புக் குண்டு ஓடும் பாதையைக் கண்ணால் பார்க்கும்வரை இரண்டுமே ஊகம்தான். பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பாதையைப் பார்த்தே ஆகவேண்டும். எப்படிப் பார்ப்பது, பார்த்ததை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதுதான் கீழே.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் புதுக் கார் வாங்க இருந்தவர்களும் இருந்த காரையே ஓட்டினார்கள். டொயோட்டாவின் எஸ்.சி.பி.10 விட்ஸ், கே.எஸ்.பி.90 விட்ஸ், என்.இசட்.இ.121 கொரோலா மொடல்கள் எல்லாம் பதினைந்து, இருபது வருடம் கடந்தும் நம் தெருக்களில் ஓடுகின்றன. இஞ்சின் நன்றாக இருக்கும். ரப்பருக்கு வயது போயிருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது

முன் சில்லு இழுக்கும் காரில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ட்ரைவ் ஷாஃப்ட், அதாவது கியர் பொக்ஸில் இருந்து சில்லுக்குப் போகும் தண்டு. கராஜில் அக்சில் என்பதும் இதைத்தான். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜொயின்ட். சில்லுப் பக்கம் இருப்பது வெளி ஜொயின்ட்: ஒரு கப், அதற்குள் ஓர் உள்வளையம், இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஆறு இரும்புக் குண்டு, குண்டுகளை இடம் மாறாமல் பிடிக்கும் ஒரு கூடு. கியர் பொக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜொயின்ட்: பெரும்பாலான சிறு கார்களில் மூன்று கால் கொண்ட ஒரு துண்டு, ஒவ்வொரு காலிலும் ஊசிப் பெயாரிங்கில் சுழலும் உருளை, அவை ஓடுவதற்கு நீளப் பள்ளம் வெட்டிய கப்.

குண்டு ஓடும் பாதையின் மேற்தோல் மட்டும் சூடுகாட்டிக் கடினமாக்கப்பட்டது. அந்தத் தோல் சில மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அது பளபளப்பாக இருக்கும்வரை ஜொயின்ட் நல்லது. ஓரிடத்தில் உரிந்துவிட்டால் அடியில் இருப்பது மென்மையான இரும்பு. அங்கே எந்த விலைக் கிரீஸைப் போட்டாலும் தேய்வு நிற்காது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: கெட்டது ரப்பரும் கிரீஸும் மட்டுமா, தோலும் சேர்ந்தா? ரப்பரும் கிரீஸும் மட்டும் என்றால் திருத்தலாம். தோல் போயிருந்தால் மாற்றவேண்டும்.

பூட் கிழியாத ஜொயின்ட் 2 இலட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும். கிழிந்த பிறகு நாட்களைத்தான் எண்ணவேண்டும், அதுவும் நம் பக்கத்தில் இன்னும் வேகமாக. நாவலடி, கல்லடிக் கரையோர ஒழுங்கைகளில் மென்மணல் உள்ளே போகும். படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கக் கிரவல் பாதையில் சிவப்புத் தூசு போகும். அறுவடைக் காலத்தில் தெருவில் கிடக்கும் வைக்கோல் ஷாஃப்டில் சுற்றி, பூட்டின் சின்ன முனையை அரிக்கும். கடற்கரையில் கிடக்கும் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) சுற்றினால் இன்னும் மோசம், அது கியர் பொக்ஸ் ஒயிலை வெளியே விடாமல் தடுக்கும் ஒயில் சீலின் உதட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். உப்புக்காற்று பூட் கிளிப்பைத் துருப்பிடித்து அறுத்துவிடும். ரப்பர் முழுசாக இருக்க, கிளிப் அறுந்து கிரீஸ் வெளியேறிய கார்கள் கரையோர ஊர்களில் நிறைய.

சத்தம் எங்கிருந்து வருகிறது

விசாலமான வெறும் மைதானத்துக்குப் போங்கள். கண்ணாடிகளை இறக்கி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடித்தபடி அக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். பிறகு வலப்பக்கம். சில்லுச் சுழற்சியோடு சேர்ந்து "டக் டக் டக்" என்று வந்தால் வெளி ஜொயின்ட். இடப்பக்கம் ஒடிக்கும்போது வந்தால் பெரும்பாலும் வலது ஜொயின்ட், வலப்பக்கம் ஒடிக்கும்போது என்றால் இடது. பெரும்பாலும் என்றுதான் சொல்லலாம். சத்தம் சேஸி வழியாக ஓடிக் காதை ஏமாற்றும். வெளியே ஓர் ஆளை நிறுத்திக் கேட்கச் சொல்வது நல்லது. காத்தான்குடி, சாய்ந்தமருதுபோல நெருக்கமான ஒழுங்கைகளில் தினமும் முழுக்க ஒடித்துத் திருப்பும் கார்களில் வெளி ஜொயின்ட்தான் முதலில் பேசும்.

உள் ஜொயின்ட் வேறு மாதிரி. நேராகப் போகும்போது, பாரம் ஏற்றி இழுக்கும்போது, ஸ்டியரிங்கும் தரையும் நடுங்கும். அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தவுடன் நடுக்கம் நிற்கும். மட்டக்களப்பு தட்டையான ஊர் என்பதால் இது இங்கே தெரியாமலே இருந்துவிடும். செங்கலடியில் இருந்து ஏ5 வீதியில் மகாஓயா, பிபிலை கடந்து பதுளை ஏற்றத்தைத் தொட்ட பிறகுதான் வெளிப்படும். மலைநாட்டுப் பயணத்துக்கு முன் பூட் நான்கையும் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். இதில் உயிர் சம்பந்தமான ஒரு காரணமும் இருக்கிறது. ஒரு பக்க ஜொயின்ட் முற்றாக உடைந்தாலோ ஷாஃப்ட் கழன்றாலோ கார் ஓடாது. அதைவிட முக்கியம், ஓட்டோ கியரில் பி-யில் போட்டாலும் கார் நிற்காது. பி கியர் பிடிப்பது கியர் பொக்ஸைத்தான், சில்லை நேராக அல்ல. ஏற்றத்தில் ஹான்ட் பிரேக் ஒன்றுதான் காரைப் பிடித்திருக்கும்.

ஜொயின்ட் இல்லாமலே ஜொயின்ட் போலச் சத்தம் தருபவையும் உண்டு. வேகத்தோடு ஏறி இறங்கும் "ஊ..." என்ற முனகல், காலை எடுத்தாலும் நிற்காவிட்டால் அது பெரும்பாலும் சில்லுப் பெயாரிங். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் "டொக்" என்றால் லோவர் ஆர்ம் புஷ், போல் ஜொயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகிய சஸ்பென்ஷன் பாகங்களைப் பாருங்கள். டி-யில் இருந்து ஆர்-க்கு மாற்றும்போது ஒரேயொரு "டங்" என்றால் இஞ்சினையும் கியர் பொக்ஸையும் தாங்கும் ரப்பர்களான இஞ்சின் மவுண்ட், கியர் மவுண்ட் இரண்டையும் முதலில் பாருங்கள். பொனட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்தபடி கியரை மாற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இஞ்சின் எவ்வளவு குதிக்கிறது என்று பார்த்தால் போதும். மவுண்ட் போனதற்கு ஷாஃப்ட் மாற்றிவிட்டு அதே சத்தத்தோடு வீட்டுக்குப் போவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது.

சத்தமே இல்லை, பூட் மட்டும் கிழிந்திருக்கிறது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. கிழிந்த இடத்தில் விரலை விட்டுக் கொஞ்சம் கிரீஸ் எடுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேயுங்கள். கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் அவசரம் இல்லை, அந்த வாரத்துக்குள் செய்யலாம். நறநறத்தால் மணல். சாம்பலாகவோ கலங்கிய தேநீர் நிறத்திலோ இருந்தால் தண்ணீர். மார்கழி, தை வெள்ளத்தில் கிழிந்த பூட்டோடு தண்ணீரைக் கடந்த கார் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் திறந்துவிடுங்கள். தண்ணீர் நிற்கும் ஜொயின்டில் துருக்குழி விழ அதிக நாள் வேண்டியதில்லை.

கழற்றும்போது

டொயோட்டா சிறு கார்களில் ஹப் நட்டு (சில்லைத் தாங்கும் ஹப்பில் ஷாஃப்டின் முனையைப் பிடிக்கும் பெரிய நட்டு) 30 மி.மீ. அது சில்லு தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, தளர்த்தப்படவேண்டும். நட்டின் ஓரம் ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பை உளியால் முழுக்க நிமிர்த்திய பிறகே சாவி போடவேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்டின் மரை போகும். தளர்ந்ததும் ஜக் போட்டு, ஸ்டாண்ட் வைத்து, சில்லைக் கழற்றுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் எவரும் போகவேண்டாம், மணல் தரையில் ஜக் சரியும்.

லோவர் போல் ஜொயின்டை விடுவித்தால் ஹப் வெளியே ஆடும், ஷாஃப்டின் முனை உருவிவரும். வராவிட்டால் பழைய நட்டை ஷாஃப்டின் முனையோடு சமமாக நிற்கும்படி திருகிவைத்துச் செப்பு அல்லது பித்தளைக் கட்டையால் தட்டுங்கள். நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசியும். பிரேக் காலிப்பரை ஹோசில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டுங்கள்.

கியர் பொக்ஸ் பக்கத்தை எடுக்கும்போதுதான் அதிகம் பிழை நடக்கிறது. வெளிமுனையைப் பிடித்து ஷாஃப்டை இழுத்தால் உள் ஜொயின்ட் அதன் கப்பில் இருந்து கழன்று உருளைகள் விழும். உள் கப்புக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில் தட்டைக் கம்பியைக் கொடுத்து, ஒரே எகிறில் நெம்பவேண்டும். அடியில் ஒரு தட்டம் வையுங்கள், ஒயில் வடியும். எவ்வளவு வடிந்தது என்று அளந்து, அதே வகை ஒயிலை அதே அளவு திரும்ப ஊற்றவேண்டும். சி.வி.டி. (படியில்லாமல் மாறும் ஓட்டோ) கியர் பொக்ஸ் என்றால் அதற்குரிய ஃப்ளூயிட் தவிர வேறு எதுவும் போடக்கூடாது. கடைசியாக ஒன்று: ஷாஃப்ட் இல்லாமல் காரைத் தரையில் இறக்கி உருட்டினால் ஹப் பெயாரிங் கெட்டுவிடும். காரை நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் ஒரு பழைய வெளி ஜொயின்டை ஹப்பில் மாட்டி நட்டை இறுக்கிவிட்டு நகர்த்துங்கள்.

கழுவிப் பார்ப்பது

முடிவெடுக்கும் இடம் இதுதான். அவசரப்படவேண்டாம்.

ஷாஃப்டைக் கழற்றும் முன்பே கராஜில் சொல்லிவையுங்கள்: "பூட்டைப் போட முதல் ஜொயின்டைக் கழுவி எனக்கிட்டக் காட்டுங்க அண்ணன்." நல்ல மெக்கானிக் இதைக் குறையாக எடுக்கமாட்டார். கழுவாமல் புதுக் கிரீஸைப் பழைய மணலுக்கு மேலே நிரப்பிப் பூட்டைப் போட்டால், மணல் உள்ளேயே இருந்து அரைக்கும். ஆறு மாதத்தில் சத்தம் வரும், பழி புதுப் பூட்டில் விழும்.

பிரிக்கும் முன் உள் கப், மூன்றுகால் துண்டு, ஷாஃப்ட் மூன்றிலும் ஒரே கோட்டில் பெயிண்ட் அடையாளம் இடுங்கள். டொயோட்டாவில் வெளி ஜொயின்டைத் தட்டிக் கழற்றவேண்டிய தேவை இல்லை. உள் ஜொயின்டைப் பிரித்து, வட்டக் கிளிப்பை எடுத்து, மூன்றுகால் துண்டைக் கழற்றினால் இரண்டு பூட்டையும் அந்தப் பக்கத்தால் உருவலாம், போடலாம்.

பழைய கிரீஸைத் துணியால் வழித்து எடுத்துவிட்டு, தட்டத்தில் மண்ணெண்ணெய் ஊற்றித் தூரிகையால் கழுவுங்கள். பெற்றோல் வேண்டாம், கராஜில் ஒரு தீப்பொறி போதும். இரண்டாவது, மூன்றாவது கழுவலில் மண்ணெண்ணெய் தெளிவாக வரவேண்டும். கடைசியாகக் கழுவிய மண்ணெண்ணெயைக் கொஞ்சநேரம் அடைய விட்டு, அடியில் தங்கியதில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டியதை வெயிலில் திருப்பினால் மினுங்கும் மெல்லிய தகடு தெரிகிறதா? அது பாதை உரிந்த இரும்பு, ஜொயின்ட் முடிந்தது. மினுங்காத கறுப்புத் துகள் மட்டும் என்றால் அவசரமாகத் தீர்ப்புச் சொல்லவேண்டாம், கடற்கரை மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கறுமணல் கொஞ்சம் இருக்கலாம்.

பஞ்சு விடாத துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகு, வெளி ஜொயின்டைக் கையால் முழுக்க மடியுங்கள். ஒரு பக்கம் கூட்டின் வாசல் வழியாகக் குண்டும் அதன் பாதையும் வெளியே தெரியும். டோர்ச் அடித்துப் பாருங்கள், பிறகு ஷாஃப்டைச் சுற்றி அடுத்த குண்டைக் கொண்டுவாருங்கள். ஆறையும் பார்க்கவேண்டும், ஐந்து நல்லதாக இருந்து ஆறாவது கெட்டிருந்தாலும் கெட்டதுதான். நல்ல பாதையில் கண்ணாடி போல ஒரு பளபளத்த பட்டை தெரியும், அவ்வளவுதான். அந்தப் பட்டையின் குறுக்கே விரல் நகத்தை இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மெருகு. நகம் எங்காவது தட்டினால், ஒரு விளிம்பில் ஏறி இறங்கினால், தோல் அமுங்கிவிட்டது. கடுகளவு குழி, மீன் செதில் போல உரிந்த துண்டு, நீலம் அல்லது கடும் மண்ணிறத்தில் வெந்த நிறம் இவற்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். துணியால் தேய்த்தால் போகும் மெல்லிய துருக்கறை பிரச்சினை இல்லை. துடைத்த பிறகும் நகத்தில் தட்டும் துருக்குழி பிரச்சினை.

பலர் கூட்டைப் பார்ப்பதில்லை. வாசல்களின் நான்கு மூலையிலும் தலைமயிர் போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ஸ்க்ரூ ட்ரைவரால் குண்டை ஷாஃப்டின் நீளப்போக்கில் மெதுவாகத் தள்ளுங்கள். குண்டு வாசலுக்குள் ஆடக்கூடாது. பாதை நன்றாக இருந்தும் கூடு தளர்ந்த ஜொயின்ட் "டக் டக்" அடிக்கும். அதற்குக் கிரீஸ் மருந்து இல்லை.

உள் ஜொயின்டில் மூன்று உருளையையும் விரலால் சுழற்றுங்கள். சொரசொரப்போ பக்கவாட்டு ஆட்டமோ இருக்கக்கூடாது. கப்பின் பள்ளத்தில் உருளை வழக்கமாக நிற்கும் இடத்தில் நகத்தை ஓட்டினால், அடிபட்ட ஒரு குழி சில நேரம் பிடிபடும். ஏற்றத்தில் நடுங்கிய காரில் இந்தக் குழிதான் காரணம். உள் ஜொயின்ட் உள்ளே வெளியே பல சென்டிமீட்டர் வழுக்குவது இயல்பு, அதைத் தேய்வு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கியர் பொக்ஸுக்குள் போகும் தண்டில் சீல் உதடு ஓடிய வளையத்தையும் தடவிப் பாருங்கள். நகம் இறங்கும் அளவு பள்ளம் இருந்தால் புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். பள்ளம் மெல்லியதாக இருந்தால், புதுச் சீலை முழுக்க உள்ளே அடிக்காமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினால் உதடு புது இடத்தில் உட்காரும். சீல் உட்காரும் குழி அதற்கு இடம் கொடுத்தால் மட்டும் செய்யுங்கள்.

என்ன போடுவது

எல்லாம் நல்லது என்றால் பூட் கிட் போதும். கிட்டில் பூட், கிளிப், கிரீஸ் மூன்றும் இருக்கவேண்டும். கிளிப் துருப்பிடிக்காத இரும்பாக இருந்தால் நம் கரைக்கு நல்லது. பிளந்து ஒட்டும் பூட் விற்பனையில் உண்டு, ஷாஃப்டைக் கழற்றாமல் போடலாம். ஆனால் கழற்றாமல் போட்டால் கழுவிப் பார்க்கவும் முடியாது, ஒட்டும் இடத்தில் துளி கிரீஸ் பட்டாலும் திரும்பப் பிளக்கும். தூரப் பயணத்தின் நடுவில் ஊர் வந்து சேர உதவும், அதற்கு மேல் அதை நம்பவேண்டாம்.

தோல் போயிருந்தால் நான்கு வழி இருக்கிறது. ஜப்பானில் இருந்து வந்த பாவித்த ஷாஃப்ட், புது அசல், புது மாற்றுக் கம்பனிச் சாமான், லேத்தில் கொடுத்துத் திருத்துவது. லேத்தை முதலிலேயே தள்ளிவிடுங்கள். பாதையைக் கடைந்து பெரிய குண்டு போட்டால் கொஞ்சநாள் சத்தம் இருக்காது. ஆனால் கடைந்தபோது போனது அந்தக் கடினத் தோல்தான்.

பாவித்த ஷாஃப்ட் மோசம் என்று சொல்லமாட்டோம். பூட் ஒருபோதும் கிழியாத ஜப்பான் ஷாஃப்ட், மலிவான புதுச் சாமானைவிடப் பலநேரம் அதிகம் உழைக்கும். வாங்கும் முன் இரண்டு பூட்டின் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள், மடிப்பின் அடியில் மயிர் வெடிப்பு இருந்தால் அந்த ரப்பர் போட்ட வருடமே கிழியும். வெளி ஜொயின்டை மடித்துச் சுற்றுங்கள், கொஞ்சமும் தடைபடாமல் எண்ணெய் ஊற்றியது போலப் போகவேண்டும். ஷாஃப்டின் நடுத்தண்டு முழுக்கச் செதில் துரு என்றால் பனி ஊர்களில் உப்புத் தெளித்த வீதியில் ஓடிய வண்டியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். பிழை இருந்தால் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி இரவு பஸ்ஸில் போட்டுவிடச் செய்யலாம். பிழையான சாமான் வந்தால் ஒரு நாளும் இரண்டு பஸ் கூலியும் போகும். சொல்லும்போது மொடல் கோட், சேஸி இலக்கம், கியர் மனுவலா ஓட்டோவா, இடமா வலமா, வெளிமுனைப் பல் எண்ணிக்கை, உள்முனைப் பல் எண்ணிக்கை, முழு நீளம், ஏ.பி.எஸ். பிரேக் சென்சருக்கான பல் வளையம் உண்டா, இருந்தால் எத்தனை பல் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பழையதையும் படம் எடுத்து அனுப்புங்கள். "விட்ஸ் அக்சில் ஒன்று" என்று மட்டும் சொன்னால் வருவது பொருந்தும் என்று எவராலும் உறுதி சொல்லமுடியாது.

கணக்குப் பார்ப்பது இப்படி: பூட் கிட் விலை, முழு ஷாஃப்ட் விலை, கழற்றிப் பூட்டும் கூலி மூன்றையும் எழுதுங்கள். எதைப் போட்டாலும் கூலியும் வடியும் ஒயிலும் பெரும்பாலும் ஒன்றுதான். பாதை தெளிவாக நல்லது என்றால் யோசிக்காமல் பூட். தெளிவாகக் கெட்டது என்றால் ஷாஃப்ட். நடுவில் நிற்கும் ஜொயின்டில், பூட் கிட்டும் கூலியும் சேர்ந்து முழு ஷாஃப்ட் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். அந்த ஜொயின்ட் பிழைத்தால் வரும் இலாபம், இரண்டாம் தரம் கொடுக்கும் கூலிக்கு ஈடாகாது. ஏற்கனவே மாதக்கணக்கில் "டக் டக்" அடித்த வெளி ஜொயின்டுக்குப் பூட் கிட் வாங்குவது காசைக் கடலில் போடுவது.

வெளி ஜொயின்டைத் தட்டிக் கழற்றக்கூடிய, இரு பக்கமும் ஒரே ஜொயின்ட் உள்ள வண்டிகளில் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: இடது ஜொயின்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றுவது. முன்னோக்கி ஓடும்போது பாதையின் ஒரு பக்கச் சுவர்தான் பாரம் தாங்கும். மாற்றிப் போட்டால் தேயாத சுவர் வேலைக்கு வரும், சத்தம் நிற்கும். தேய்வு மட்டும் உள்ள ஜொயின்டுக்கு, சாமான் கிடைக்கும்வரை, இது நியாயமான வழி. குழி விழுந்ததற்கும் கூடு வெடித்ததற்கும் உதவாது.

பூட்டுவது

கிட்டில் வரும் கிரீஸ் பக்கெட் அந்த ஜொயின்டுக்கு அளந்தது. சிறு கார்களில் ஒரு ஜொயின்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 120 கிராம். பாதியை ஜொயின்டுக்குள், குண்டுகளின் இடுக்கு வழியாக அழுத்தி ஏற்றுங்கள், மீதியைப் பூட்டுக்குள் போடுங்கள். வெளி ஜொயின்டுக்கு மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ். உள் ஜொயின்டுக்கு வேறு நிறத்தில் தனிப் பக்கெட் வந்தால் இரண்டையும் மாற்றிப் போடவேண்டாம். சில்லுப் பெயாரிங்குக்குப் போடும் மஞ்சள் கிரீஸை இங்கே நிரப்புவது பெரிய பிழை.

பூட் உட்காரும் பள்ளத்தில் கிரீஸ் இருந்தால் கிளிப் வழுக்கும், துடைத்து உலர்த்துங்கள். பெரிய முனையின் கிளிப்பை இறுக்கிவிட்டு, ஷாஃப்டை அதன் வழமையான நீளத்தில் பிடித்து, சின்ன முனையின் உதட்டுக்குள் மொட்டையான மெல்லிய ஸ்க்ரூ ட்ரைவரை விடுங்கள். "புஸ்" என்று காற்று போகும் அல்லது வரும், மடிப்புகள் தம் வடிவத்துக்குத் திரும்பும். அதன் பிறகுதான் சின்னக் கிளிப். காற்றை விடாமல் இறுக்கினால் பூட் உள்ளே உறிஞ்சப்பட்டு, மடிப்பு மடிப்போடு உரசிச் சீக்கிரம் கிழியும். கம்பி, பிளாஸ்டிக் டை இரண்டும் கிளிப்பாகாது.

ஒயில் சீலைப் புதிதாகப் போட்டு, உதட்டில் கொஞ்சம் ஒயில் தடவி, ஷாஃப்டை நேராக உள்ளே விடுங்கள். முனையின் வளையக் கிளிப்பின் திறந்த வாய் கீழே பார்க்கவேண்டும். "டிக்" என்று உட்கார்ந்ததும் உள் கப்பைக் கையால் இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. ஹப் நட்டு எப்போதும் புதிது. கே.எஸ்.பி.90 விட்ஸ், என்.இசட்.இ.121 கொரோலா இரண்டிலும் அதன் இறுக்கம் 216 நியூட்டன் மீட்டர், சில்லு நட்டு 103. வேறு வண்டிக்கு அதற்குரிய அளவைப் பாருங்கள். ஏர் கன்னால் அடித்துவிட்டுப் போவதால்தான் ஹப் பெயாரிங்குகள் சத்தம் போடத் தொடங்குகின்றன. இறுக்கிய பின் நட்டின் ஓரத்தைப் பள்ளத்துக்குள் தட்டி மடியுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் கிளிப்புகளைச் சுற்றிக் கிரீஸ் கசிகிறதா, சீலுக்குக் கீழே ஒயில் சொட்டுகிறதா என்று ஒருதரம் குனிந்து பாருங்கள்.

டொல்பின், லைட்ஏஸ், பட்டா

பின் சில்லு இழுக்கும் இந்த வான், சிறு லொறி வண்டிகளில் முடிவு எளிது, ஏனென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர் பொக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) முனையில் இருக்கும் குறொஸ், அதாவது நான்கு கால் கொண்ட மூட்டு, மாற்றுவதற்கென்றே செய்த சாமான். மெதுவாகப் போகும்போது "கீச் கீச்" என்றாலோ, புறப்படும்போது "டங்" என்றாலோ அடியில் போய்ப் பாருங்கள். குறொஸ் கப்பைச் சுற்றிச் செந்தூள் இருந்தால் உள்ளே ஊசிகள் காய்ந்து துருவாகிவிட்டன. அதற்குப் பிறகு கிரீஸ் அடிப்பது சத்தத்தை மறைக்கும், தேய்வை நிறுத்தாது. கழற்றிக் கையால் ஆட்டும்போது நடுவில் ஒரு பிடி தட்டினாலும் மாற்றுங்கள். கழற்றும் முன், ஷாஃப்ட் பூட்டப்பட்ட இணைப்புத் தட்டான ஃபிளேஞ்சின் இரண்டு பக்கத்திலும் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். அதே இடத்தில் திரும்பப் பூட்டாவிட்டால் வேகத்தில் வண்டி அதிரும்.

முழு ஷாஃப்டும் மாற்றவேண்டிய முக்கிய நிலை இது: புதுக் கப் அதன் துளைக்குள் கையாலேயே போய், சுழன்றால். சிலர் துளையின் ஓரத்தை உளியால் குத்தியோ வெல்டிங் வைத்தோ பிடிக்கவைப்பார்கள். வெல்டிங் சூடு கப்பின் கடினத்தைக் கெடுக்கும், ஷாஃப்டையும் வளைக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்முனை கழன்று வீதியில் குத்தினால் வான் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்களை ஏற்றும் வானில் அந்தச் சமரசம் கூடவே கூடாது.

வெள்ளத்தில் போன வண்டிக்கு இன்னொன்றும் பார்க்கவேண்டும். சூடாக ஓடிவந்த டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அச்சுக்கு மேலே ஏறியிருந்தால் ஒயில் வடிக்கும் நட்டைத் தளர்த்தி முதலில் வருவதைப் பாருங்கள். வண்டி ஓரிரவு நின்றிருந்தால் தண்ணீர் அடியில் தங்கி முதலில் அதுவே வரும். ஒயில் பால் தேநீர் நிறமாக இருந்தால் முழுக்க வடித்துப் புதிது ஊற்றி, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு திரும்ப வடித்து மறுபடியும் புதிது ஊற்றுங்கள். முதல் ஒயில் மூலைகளில் நின்ற தண்ணீரைக் கழுவத்தான். மூச்சுக்குழாயின் மூடியில் சேறு அடைத்திருந்தால் அதையும் எடுங்கள், அடைத்தபடி விட்டால் அடுத்த சூட்டில் ஒயில் சீல் வழியாகத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்கில் போய் நிற்கும்.